ஒட்டிக்கொண்ட அறை

பவுனம்மாளின் வலது கை தீர்த்தகிரியின் இடது கன்னத்தில் ஒட்டிக்கொண்டது ஒரு சந்தை நாளில், அதுவும் கூட்டம் நெரியும் முற்பகலில் என்பதால், ஓடைமுனையில் அதைப் பார்க்காதவர் என்று ஒருவரும் இல்லை. அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர்களும், ஏன், அதற்கப்புறம் பிறந்தவர்களும்கூட, தாங்கள் வாழைக்காய் மண்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்ததாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பவுனம்மாள் கடைவீதி முக்கில் மாவு மில் நடத்தியவள். புருஷன் போனபின் மெஷினைத் தானே ஓட்டக் கற்று, பெல்ட் அறுந்தால் தானே மாட்டி, அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை பெருத்துப்போய், "சாப்பிட்டியா" என்று கேட்டாலே எதிரில் நிற்பவர் ஓரடி பின்வாங்கும்படி ஆகிவிட்டவள். ஆனாலும் தலை பாதி நரைக்கிற வயது வரைக்கும் அவள் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அரிசி தின்ன வரும் கோழியைக்கூட வாயால்தான் விரட்டுவாள். அந்தக் கோழிகளும் அடித்ததைவிட வேகமாக ஓடும்.

தீர்த்தகிரியோ மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டி, மேடைக்குக் கீழே ஒயர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, அடுத்தவர்கள் பேசுவதையே வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, மைக் நம்முடையது, குழாய் நம்முடையது, பேச்சு மட்டும் ஏன் இன்னொருத்தனுடையதாக இருக்க வேண்டும் என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றிவிட்டது. முதலில் ஊரின் பெருமையைப் பேசினான், ஆட்கள் கேட்டார்கள். பிறகு ஊர் கெட்டுப்போனதைப் பேசினான். நிறைய ஆட்கள் கேட்டார்கள். பிறகு கெடுத்தவர்கள் யார் என்று சொல்ல ஆரம்பித்தான்; நிற்க இடம் இல்லாமல் போயிற்று. மண்காப்புச் சேனை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தான்.

கெடுத்தவர்கள் என்று அவன் சொன்னது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கரைக் குடியிருப்பை. மேலே மலைக்கணவாயில் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்ட ஊர்களிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அங்கே இருந்தார்கள். செங்கல் அறுத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், பவுனம்மாளின் மில்லில் ராகி அரைத்தார்கள். அவர்கள் வந்து இரண்டு தலைமுறை ஆகியும் தீர்த்தகிரிக்கு அவர்கள் நேற்று வந்தவர்கள்.

அந்தச் சந்தை நாளில் அவன் மேடையேறி, குரலைத் தாழ்த்தி, வீட்டு விஷயம் சொல்வதுபோலச் சொன்னான்: "திருவிழாவுக்கு முன்னாடி அவங்களா போயிடணும். போகலைன்னா, நான் ஒண்ணும் சொல்லலை. அங்க இருக்கறதெல்லாம் கூரை வீடுன்னு மட்டும்தான் சொல்றேன். பங்குனி வெயில்ல கூரை எவ்வளவு காஞ்சு கிடக்கும்னு உங்களுக்கே தெரியும்."

கூட்டம் சிரித்தது. காய்ந்த மிளகாய் வாங்கிக்கொண்டிருந்த பவுனம்மாளைத் திரும்பிப் பார்க்க வைத்தது அவன் பேச்சு அல்ல, அந்தச் சிரிப்புத்தான். அவளுக்குத் தெரிந்த முகங்கள், அவளிடம் மாவு அரைக்கிற முகங்கள், கூரை என்றதும் பல்லைக் காட்டின. அவள் மிளகாய்ப் பையைக் கீழே வைத்தாள், கூட்டத்தை விலக்கினாள், படியேறினாள், வலது கையை வீசி ஒரு அறை விட்டாள். மைக்செட் நல்ல மைக்செட் என்பதால் அந்தச் சத்தம் ஆற்றின் இரண்டு கரையிலும் கேட்டது. சத்தம் அடங்கியது, கை வரவில்லை.

அவள் இழுத்தாள். அவன் கன்னமும் சேர்ந்து வந்தது. அவன் பின்வாங்கினான். அவளும் சேர்ந்து வந்தாள். சேனையின் தளபதி தனபால், புல்லட்டில் மட்டுமே நடமாடுகிற, கழுத்து தடித்த ஆள், இருவருக்கும் நடுவில் தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தான். தேங்காய் எண்ணெய் தடவினார்கள், மண்ணெண்ணெய் தடவினார்கள், சலவை சோப்பைக் கரைத்து ஊற்றினார்கள். தீர்த்தகிரியின் வெள்ளைச் சட்டை பாழானதுதான் மிச்சம். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் காகிதம் நுழைகிறது, பசை இல்லை, புண் இல்லை, இருவருக்கும் ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம், உப்பைக் குறைக்கவும் என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இன்ஸ்பெக்டருக்குத்தான் சிக்கல். "அடிச்ச அம்மாவை உள்ள வைக்கணும்னா அடிபட்டவரையும் சேர்த்து வைக்கணும். அடிபட்டவரை எந்தச் சட்டத்துல உள்ள வைக்கிறது? சரி, அவரு பேசின பேச்சுக்கு அவரை வைக்கலாம்னா, இந்தம்மாவும் கூட வருவாங்க. பேசினவருக்கும் அடிச்சவருக்கும் ஒரே லாக்கப்புன்னா நாளைக்கு எனக்குத்தான் மெமோ வரும். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

எந்த வீட்டுக்கு என்று யாரோ கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதைத் தீர்த்துவைத்தவள் தீர்த்தகிரியின் மனைவி கோகிலா. அவள் அதிகம் பேசாதவள். அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூப்பிட்டு, படுக்கையறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருந்த சுவரில், கட்டில் உயரத்துக்கு, ஒட்டிய கை பக்கவாட்டில் நுழையும்படி கதவு நிலையோடு சேர்த்து, ஒரு தலையணை அளவில் ஓட்டை போடச் சொன்னாள். அந்தப் பக்கம் தீர்த்தகிரி ஓட்டையை ஒட்டிப் படுத்துக்கொள்ள, இந்தப் பக்கம் பவுனம்மாள் கையை நீட்டிப் படுத்துக்கொள்ள, நடுவில் செங்கல் சுவர் நின்று மானத்தைக் காத்தது. ஓட்டையின் விளிம்பு கையை உரசாமலிருக்கக் கோகிலா பழைய புடவையை மடித்து வைத்துத் தைத்துக்கொடுத்தாள். குளியலுக்குத் தட்டியும் திரையும் வைத்து ஒரு ஏற்பாடு. அதைப் பற்றி ஊர் நாகரிகமாக எதுவும் கேட்கவில்லை.

பகலில் மில்லைத் திறந்தாக வேண்டும். பவுனம்மாளுக்கு இருந்தது இடது கை மட்டும். தீர்த்தகிரிக்கு இரண்டு கையும் சும்மா இருந்தன. ஆகவே மண்காப்புச் சேனையின் தலைவன் இடது கன்னத்தில் ஒரு கையோடு நின்று, அரிசியைக் கொட்டினான், ராகியைக் கொட்டினான், மிளகாய் அரைக்கும்போது அடுக்கடுக்காகத் தும்மினான். ஒவ்வொரு தும்மலுக்கும் பவுனம்மாளின் தோள்பட்டை குலுங்கியது. "அந்தப் பக்கம் திரும்பித் தும்மு" என்பாள் அவள். "திரும்பினா உன் கைதானே வருது" என்பான் அவன்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. முடிவெட்டும் கடையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேச்சுக்குப் பேச்சுத்தான் பதில், கையை எடுத்தவர் தோற்றவர் என்றார். பஞ்சர் ஒட்டுகிறவர், "அவன் எங்க சார் பேசினான்? தீப்பெட்டியை உரசினான். உரசறவன்கிட்ட வாதாடிக்கிட்டு நிப்பீங்களா, கையைத் தட்டி விடுவீங்களா?" என்றார். தலைமையாசிரியர், இன்றைக்குத் தீப்பெட்டிக்காரனை அடிக்கலாம் என்றால் நாளைக்கு எவனும் எவனையும் தீப்பெட்டிக்காரன் என்று சொல்லி அடிப்பான் என்றார். பஞ்சர்காரருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் தலைமையாசிரியருக்கும், வாதாடிக்கொண்டிருக்கும்போதே கூரை பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்குப் பதில் தெரியவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண், "அடிச்சது சரியா தப்பான்னு ஊரெல்லாம் பேசறாங்க. நாம நின்னு சிரிச்சோமே, அதை ஒருத்தரும் பேசலையே" என்றாள். வரிசையில் அத்தனை பேரும் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் ஒற்றுமையாக மாறியது. எவரும் எவரையும் அடிக்கவில்லை. ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். வாத்தியார்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். குடித்துவிட்டு வருகிற புருஷன்மார் வாசலில் நின்று கத்திவிட்டு, கையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்ப் படுத்தார்கள். லத்தி என்பது கை அல்ல, ஒட்டாது என்று ஏட்டையா ஸ்டேஷனில் அடித்துச் சொன்னார். சோதித்துப் பார்க்க அவரே முன்வரவில்லை. கோகிலா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே பவுனம்மாளிடம் மெதுவாக, "அக்கா, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து, இப்பத்தான் நான் சுவரோரமா நகராம நடந்து போறேன்" என்றாள். தீர்த்தகிரியும் அங்கேதான் இருந்தான், இல்லாமல் எங்கே போவான். பவுனம்மாளின் உள்ளங்கையில் அவன் கன்னம் சூடாவது தெரிந்தது.

அப்படி அவளுக்கு அவன் கன்னத்திலிருந்து பல விஷயங்கள் தெரியவந்தன. பசி தெரிந்தது. கடைவாயில் ஒரு சொத்தைப்பல் இருப்பது, அவன் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைத்திருந்த அந்த வலி, விண் விண்ணென்று அவள் கைக்கு வந்தது. அதைவிட முக்கியமாக, மேடையில் அவன் நல்லதனமாகப் பேசும்போது தாடை ஒரு மாதிரியும், அந்தப் பேச்சுக்கு வரும்போது வேறு மாதிரியும் அசைவது தெரிந்தது. அக்கரை என்ற சொல் வாய்க்கு வருவதற்கு முன்பே தாடை எலும்பு ஒருமுறை இறுகும். அது இறுகுகிறபோது அவள் கையை லேசாக அழுத்துவாள். அவ்வளவுதான். "அக்கரை நாய்கள்" என்று கிளம்பிய சொல் "அக்கறையா நாங்க" என்று வெளியே வந்து விழும். கூட்டம் குழம்பும். அழுத்துவது அடியா இல்லையா என்று முடிவெட்டும் கடையில் புது விவாதம் ஆரம்பமாயிற்று.

ஆனால் கூட்டம் குறையவில்லை, கூடியது. இதைப் பவுனம்மாள் எதிர்பார்க்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து, அறை வாங்கிய தலைவரைப் பார்க்க டெம்போ பிடித்து வந்தார்கள். சேனைக்காரர்கள் தங்கள் கன்னத்தில் கரியால் ஐந்து விரல் வரைந்துகொண்டு, எங்கள் தலைவர் வாங்கியது எங்கள் கன்னத்தில் என்று கோஷம் போட்டார்கள். அவள் கை அவனுக்கு ஒரு மாலை மாதிரி ஆகிவிட்டது.

தனபால்தான் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னான். டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில், கிளாஸைச் சுழற்றிக்கொண்டே, "கையாலதானேடா ஒட்டுது? தீயால ஒட்டாது. கல்லால ஒட்டாது" என்றான்.

அதற்கடுத்த விடியலில் அக்கரையில் பொன்னுரங்கத்தின் டயர் வண்டி எரிந்து கிடந்தது. செங்கல் ஏற்றிப் பிழைக்கும் குடும்பம்; மாட்டை அவிழ்த்துவிட்டிருந்ததால் மாடு பிழைத்தது. இன்ஸ்பெக்டர் வந்து தீர்த்தகிரியை விசாரித்தார். அவனோ நிம்மதியாக, "நான் எங்கயும் போகலைங்க, ராத்திரி பூரா இந்தம்மா கையிலதான் என் கன்னம் இருந்துது, அவங்களையே கேளுங்க" என்றான். பவுனம்மாளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவள் அறைந்த கையே அவனுக்குச் சாட்சி சொன்னது.

சில நாள் கழித்துப் பொன்னுரங்கம் ராகி அரைக்க வந்தான். ஒல்லியான ஆள், பேசும்போது தரையைப் பார்ப்பவன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் தீர்த்தகிரிக்குக் கேட்காதபடி, அவள் இடது காதோரமாகக் குனிந்து பேசினான்.

"அக்கா, அடிச்சது நீங்க. எரிஞ்சது எங்களுது."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் அடிச்சிருக்கக் கூடாதுங்கறியா?"

"அப்படிச் சொல்லலை. அந்த அடியைக் கேட்டு எங்க பக்கம் கிழவனெல்லாம் எழுந்து நின்னான். அது போதலைங்கறேன்." அவன் ஒரு சின்னப் பொட்டலத்தை அவள் இடது கையில் வைத்தான். பூச்சிமருந்து. "அவன் தட்டுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிடறீங்க. கையாலதான் ஒட்டும். இது ஒட்டாதுக்கா."

"அதான்டா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் பவுனம்மாள்.

அவன் புரியாமல் பார்த்தான். ஆனாலும் அவள் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் கோகிலா ரசம் எடுக்க உள்ளே போயிருந்தாள். தீர்த்தகிரி தலையைச் சாய்த்து மெல்ல முடியாமல் மென்றுகொண்டிருந்தான். சொத்தைப்பல் அவள் உள்ளங்கையில் துடித்தது. முடிச்சு அவள் மடியில் இருந்தது. கொளுத்தச் சொன்னவன் இவன்தான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. இவன் இல்லாவிட்டால் அக்கரைப் பிள்ளைகள் கூரைக்குக் கீழே பயமில்லாமல் தூங்கும் என்பதும் பாதி உண்மையாகத் தோன்றியது. மீதிப் பாதியில் தனபால் புல்லட்டில் உட்கார்ந்து காத்திருந்தான். அவள் வெகுநேரம் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "தீர்த்தகிரி, இன்னிக்கு உன் சோத்துல மருந்து வெக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"வெக்கலை. வெச்சா, நீ செத்து விழுவே, என் கை தானா வந்துரும், நான் வீட்டுக்குப் போயிருவேன். அவ்வளவு சுலபமா இருக்கக் கூடாது. அடிச்சன்னிக்கு உன் முகத்தைப் பாத்துத்தான் அடிச்சேன். இன்னமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"யாரு குடுத்தது?"

"அதைச் சொல்லமாட்டேன். வலது பக்கமா மெல்லு, அந்தப் பல்லு இடது பக்கம்."

அதற்கப்புறம் பல நாள் அவள் முதல் வாய் தின்ற தட்டிலிருந்துதான் அவன் தின்றான். கோகிலா ஒரே பெரிய தட்டாக வாங்கி வந்துவிட்டாள்.

திருவிழா நெருங்கியது. சேனை ஒரு ஊர்வலத்துக்கு நாள் குறித்தது: சாயங்காலம் கடைவீதியில் கிளம்பி, பாலத்தைக் கடந்து, அக்கரையைச் சுற்றிவந்து திரும்புவது என்று போலீசுக்குச் சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எதற்குப் பந்தம் என்று போலீஸ் கேட்கவில்லை. தீர்த்தகிரிக்கு ஊர்வலத்தில் ஆசை இருந்தது, பயமும் இருந்தது. கொஞ்ச நாளாகக் கோஷத்தில் அவன் பெயருக்குப் பின்னால் தனபால் பெயரும் வந்துகொண்டிருந்தது, சில சமயம் முன்னால் வந்தது. அதனால் வீட்டில் இருந்துவிட முடியாது. அவன் கிளம்பினான். அவன் கிளம்பியதால் பவுனம்மாளும் கிளம்பினாள்.

பந்தங்கள் முன்னும் பின்னுமாக, கரி விரல் பூசிய கன்னங்கள் வரிசை வரிசையாக, பறை முழங்கப் போயிற்று ஊர்வலம். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதன் கீழே குனிந்து பார்த்தார்கள். பாலத்தின் நடுவுக்கு வந்தபோது, அந்தப் பக்கத்தில் கூரைகள் தெரிய ஆரம்பித்த இடத்தில், பவுனம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவள் உட்கார்ந்ததால் தீர்த்தகிரி குனிந்தான்; குனிந்து நிற்க முடியாமல் அவனும் உட்கார்ந்தான். தலைவர் உட்கார்ந்துவிட்டாரே என்று முன்வரிசை உட்கார்ந்தது. பறையடிப்பவர்கள் நின்றார்கள்.

"எழுந்திரு" என்றான் தீர்த்தகிரி பல்லைக் கடித்து.

"கால் வலிக்குது" என்றாள் அவள்.

தனபால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கையில் அரிவாள். "போதும் இந்தக் கூத்து. மணிக்கட்டோட எடுத்துடறேன். அண்ணே, கண்ணை மூடிக்கங்க."

பவுனம்மாள் அவனைப் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ள வழியில்லாததால் ஓடவும் வழியில்லை. தீர்த்தகிரி தன் கன்னத்துக்கு ஓரமாக வரும் அரிவாளைப் பார்த்தான். குறி ஒரு விரற்கடை தப்பினால் காது போகும், இரண்டு விரற்கடை தப்பினால் கழுத்து போகும், தப்பவே இல்லையென்றால் செத்த கை ஒன்று ஆயுசுக்கும் முகத்தில் தொங்கும். அதோடு, குறி தப்புவதைப் பற்றித் தனபாலுக்கு அப்படியொன்றும் கவலை இல்லை என்பதும் அவன் கண்ணில் தெரிந்தது. தீர்த்தகிரி எழும்பி வலது கையை வீசித் தனபாலின் கன்னத்தில் ஒரு அறை விட்டான்.

ஒட்டிக்கொண்டது.

அரிவாள் நழுவி, கைப்பிடிச் சுவரில் பட்டுத் தெறித்து ஆற்றில் விழுந்தது. தனபாலின் ஆட்கள் தலைவரைப் பிடித்து இழுக்க, தலைவரின் ஆட்கள் தனபாலின் ஆட்களை மறிக்க, ஒட்டும் என்பதை ஆத்திரத்தில் எவன் முதலில் மறந்தான் என்று தெரியவில்லை, எவனோ எவனையோ குத்தினான்; முஷ்டி முதுகில் நின்றுவிட்டது. அவனை விலக்க வந்தவன் பிடரியில் ஒன்று போட்டான், அதுவும் நின்றுவிட்டது. உதைத்தவனின் கால் உதை வாங்கியவனின் தொடையில், காதைத் திருகியவனின் விரல் காதில், மண்டையில் கொட்டியவனின் முட்டி மண்டையில் என்று, ஊர்வலம் மொத்தமும் பாலத்தின் நீளத்துக்கு ஒரே சிக்கலாகப் பின்னிக்கொண்டது. பிடிக்கக் கை இல்லாமல் பந்தங்கள் சிமெண்டுத் தரையில் விழுந்து, கொஞ்ச நேரம் எரிந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் அணைந்தன. பறையடிப்பவர்கள் மட்டும், யாரையும் அடிக்காத காரணத்தால், கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள்.

அப்போதுதான் அக்கரைக்காரர்கள் வந்தார்கள். கடப்பாரை, மண்வெட்டி, உலக்கை, கையில் கிடைத்ததெல்லாம். முன்னால் பொன்னுரங்கம். எரிக்க வந்தவர்கள் கையும் காலும் ஒட்டிப்போய், கோழிக்கூடை மாதிரி, எதிரில் கிடந்தார்கள். அடித்தால் தடுக்க ஒருவனுக்கும் கை இல்லை.

பொன்னுரங்கம் கடப்பாரையோடு தனபாலின் முன்னால் வந்து நின்று, பவுனம்மாளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தானே ஒருவனை அறைந்த கையோடு உட்கார்ந்திருப்பவள் எப்படிச் சொல்வாள்?

"இரும்பு ஒட்டாது, பொன்னுரங்கம்" என்றாள். "அடிச்சே ஆகணும்னா கையால அடி."

அவன் யோசித்தான். கடப்பாரையைக் கீழே சாய்த்தான். கையை ஓங்கினான். ஓங்கிய கையோடு தனபாலின் முகத்தைப் பார்த்தான், அந்தத் தடித்த கழுத்தைப் பார்த்தான், வியர்வையில் கரைந்து வழியும் கரி விரல்களைப் பார்த்தான், திரும்பித் தன் குடிசை இருந்த திசையைப் பார்த்தான்.

"அக்கா, இவ்வளவு பெரிய ஆளைக் கூட்டிட்டுப் போயி எங்க வீட்ல எந்த மூலையில படுக்க வைக்கிறது?" என்றான்.

பறைக்காரர்களில் ஒருவன்தான் முதலில் சிரித்தான். அக்கரைப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள், பொத்தியும் அடங்கவில்லை. ஒட்டிக் கிடந்த சேனைக்காரர்களிலேயே சிலர் குலுங்கினார்கள். ஒருவன் குலுங்கினால் ஒட்டியிருந்த பத்துப் பேரும் குலுங்க வேண்டியிருந்தது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. கையை இறக்கிக்கொண்டு தீர்த்தகிரியின் எதிரில் குந்தி உட்கார்ந்தான்.

"வண்டியைக் கொளுத்தினது யாரு?"

தீர்த்தகிரி தனபாலைப் பார்த்தான். தனபாலை மாட்டிவிட வேண்டுமென்றால் தன்னையும் சேர்த்தே மாட்டிவிட வேண்டியிருந்தது. பல் வலித்தது. அரிவாள் வந்த திசை இன்னும் கண்ணைவிட்டு மறையவில்லை.

"கொளுத்தினது தனபாலு" என்றான். "சொன்னது நான். வாயால சொன்னா இந்த அக்காவுக்குத் தெரிஞ்சிரும்னு போன்ல தட்டி விட்டேன்."

அவன் அதைச் சொன்னபோது தாடை இறுகவில்லை என்று பவுனம்மாளுக்கு உள்ளங்கையில் தெரிந்தது. அது தெரிந்துகொண்டிருக்கும்போதே கை கன்னத்திலிருந்து விலகி, காற்றில் நின்றது. அதற்கு உண்மைதான் காரணம் என்று தலைமையாசிரியர் பின்னாளில் சொன்னார். சிரிப்புத்தான் காரணம் என்று பஞ்சர்காரர் சொன்னார். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது, அதுதான் என்று பவுனம்மாள் சொன்னாள். மற்றவர்களின் கைகளும் கால்களும் ஒவ்வொன்றாக, நல்ல பசி எடுத்தபிறகு, கழன்றன. அதற்குள் இன்ஸ்பெக்டர் வேன் கொண்டுவந்து, யாரையும் துரத்திப் பிடிக்கத் தேவையில்லாமல், வரிசையாகப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தனபாலின் கன்னத்தில் ஒட்டிய கையோடே வேனில் ஏறும்போது தீர்த்தகிரி நின்றான். காற்றுப்படாத கன்னத்தில் வெளுத்த ஐந்து விரல் பதிந்திருந்தது. அவன் திருந்தியிருந்தான் என்று சொல்ல முடியாது, களைத்திருந்தான்.

"அக்கா, மறுபடியும் அடிப்பீங்களா?"

"மறுபடியும் கூரையைப் பத்திப் பேசினா அடிப்பேன்."

"ஒட்டிக்குமே."

"ஒட்டிக்கட்டும்" என்றாள் பவுனம்மாள்.

வேன் கிளம்பியது. கோகிலா பாலத்தின் இந்த முனையில் நின்று, வேன் திரும்புகிற வரை பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள். பவுனம்மாள் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. அக்கரைக்குப் போனாள். இத்தனை நாளும் அவளால் அங்கே போக முடிந்ததில்லை. தீர்த்தகிரி வரமாட்டான் என்பது ஒரு காரணம், அவளுக்கே கால் வராதது இன்னொரு காரணம்.

பொன்னுரங்கத்தின் மனைவி தெய்வானை பாலத்துக்கு வரவில்லை. வெளிச்சம் போவதற்குள் எரிந்த வண்டியின் இரும்புச் சட்டத்தை வேப்பமரத்தடிக்கு நகர்த்திவிடத் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மில்லுக்கு வருகிறபோதெல்லாம் ஊர்க்கதை பேசுகிறவள், இப்போது வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பவுனம்மாள் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அடிச்சது தப்புன்னு சொல்ல வரலை, தெய்வானை" என்றாள். அவள் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "எரிஞ்சதைப் பாக்க வந்தேன்."

"பாருங்க" என்றாள் தெய்வானை.

பார்த்தாள். டயர் உருகிக் கம்பிமட்டும் சுருண்டிருந்தது. பலகை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தீ தின்று மிச்சம் வைத்த அச்சு கறுத்துத் தரையில் புதைந்திருந்தது.

"பாத்தாச்சுன்னா அந்தப் பக்கம் புடிங்க" என்றாள் தெய்வானை. "ஒருத்தியால தூக்க முடியலை."

பவுனம்மாள் குனிந்து வலது கையை இரும்பில் வைத்தாள். கன்னத்துக்கு வாகாக வளைந்து விறைத்துப்போயிருந்த விரல்கள் முதலில் மடங்க மறுத்தன. தெய்வானை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மெல்ல, ஒவ்வொன்றாக, விரல்கள் இரும்பைச் சுற்றி மடங்கின.